ஏரியா எப்படி?

சென்னை அசோக் நகரில் ஒன்பது வருடம் இருந்த வீட்டைக் காலி பண்ணிவிட்டு வடசென்னையில் வியாசர்பாடி எம்.கே.பி. நகருக்கு வந்து பதினாலு மாதம் ஆகிறது. வாடகை 24,000 ரூபாயிலிருந்து 13,500க்கு இறங்கியது. போன வாரம் ஆபீஸ் கேன்டீனில் கூட வேலை பார்க்கும் பெண் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, யாருக்கும் கேட்காத குரலில் கேட்டாள்: "அக்கா, அந்தப் பக்கம் சேஃபா? எங்களுக்கும் இந்த வாடகை தாங்கல." அவளுக்கு வாட்ஸப்பில் பதில் எழுத உட்கார்ந்தேன். அது நீண்டுகொண்டே போனது. சரி, இங்கேயே போட்டுவிடலாம் என்று.

முதலில் என் அண்ணன் கதை. நான் வீடு பார்த்துவிட்டேன் என்று போனில் சொன்னதும் அவன் வாடகையைக் கேட்கவில்லை, எத்தனை ரூம் என்று கேட்கவில்லை. "எந்த ஏரியா?" சொன்னேன். கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. அப்புறம் ஆரம்பித்தான். "பொம்பளப் புள்ளைய வச்சுக்கிட்டு அங்கயா போற? ஆம்ஸ்ட்ராங்கையே வெட்டுனாங்களே, நீ பேப்பரே படிக்கிறதில்லையா?"

2024 ஜூலை 5, பக்கத்து ஏரியாவான பெரம்பூர். பகுஜன் சமாஜ் கட்சியின் மாநிலத் தலைவரை அவர் வீட்டுப் பக்கத்திலேயே வெட்டிக் கொன்றார்கள். ஊரே ஆடிப்போனது, மறக்க முடியுமா. ஆனால் அண்ணனிடம் ஒன்று கேட்டேன். ஒரு கட்சித் தலைவரை நாள் குறித்து, ஆள் சேர்த்து வெட்டியவர்களுக்கும், டியூஷன் முடிந்து எட்டரை மணிக்கு வீட்டுக்கு வரும் பத்தாங்கிளாஸ் பிள்ளைக்கும் என்னடா சம்பந்தம்? "அதெல்லாம் பேசறதுக்கு நல்லா இருக்கும்" என்று வைத்துவிட்டான்.

பேப்பரில் "ரவுடி வெட்டிக் கொலை" என்று வரும் செய்தியைக் கடைசி பத்தி வரை படித்துப் பாருங்கள். முன்விரோதம் என்றுதான் பெரும்பாலும் முடியும். வெட்டியவனும் வெட்டுப்பட்டவனும் ஒருவரையொருவர் நன்றாகத் தெரிந்தவர்கள். வாடகைக்குக் குடிவரும் என்னைப் போன்ற ஆளுக்கு அந்தக் கணக்கில் பேரே கிடையாது. என் பயமெல்லாம் சில்லறை பயம். கழுத்துச் செயின், கையிலிருக்கும் செல்போன், கீழே நிறுத்தின வண்டி, இருட்டில் பின்னாடியே வரும் ஒருத்தன், டிசம்பரில் வீட்டுக்குள் வரும் தண்ணீர். இந்த ஐந்தும் எங்கே எப்படி நடக்கிறது என்று பார்த்தால் ஏரியாவின் பெயர் அதில் பெரிதாக எதையும் தீர்மானிப்பதில்லை.

என் மாமியாரின் செயின் போனது அசோக் நகரில்தான். காலை ஆறேகால். வாசல் தெளித்து, குனிந்து புள்ளி வைத்துக்கொண்டிருந்தார். வண்டியில் இரண்டு பேர். பின்னால் இருந்தவன் "பாட்டி, இந்த அட்ரஸ்..." என்று ஒரு காகிதத்தை நீட்டினான். அவர் நிமிர்ந்தார். அவ்வளவுதான். மூன்றரைப் பவுன். கழுத்தில் சிவப்பாக ஒரு கோடு, கையில் கோலமாவு அப்படியே. அவர் கத்தியது மூன்றாவது மாடியில் குளித்துக்கொண்டிருந்த எனக்கே கேட்டது. எதிர்வரிசையில் ஆறு வீடு. எல்லா ஜன்னலும் சாத்தி, ஏசி ஓடிக்கொண்டிருந்தது. ஒரு கதவு திறக்கவில்லை. வேண்டுமென்றே திறக்கவில்லை என்று நான் சொல்ல மாட்டேன், அவர்களுக்குக் கேட்டிருக்காது. அகலமான, நேரான, மரம் போட்ட, சத்தமே இல்லாத தெரு. எதற்காகக் கூடுதலாக 10,000 ரூபாய் கொடுத்துக்கொண்டிருந்தோமோ அதேதான் வண்டியை முறுக்கிக்கொண்டு மெயின் ரோடு பிடிக்க அவனுக்கும் வசதியாக இருந்தது.

2025 மார்ச் 25 காலையில் சைதாப்பேட்டை, அடையாறு, கிண்டிப் பக்கமெல்லாம் அடுத்தடுத்து செயின் பறித்தார்களே, ஞாபகமிருக்கிறதா? ஒரு மணி நேரத்துக்குள் ஆறேழு பெண்கள். பறித்தவர்கள் வெளி மாநிலத்து ஆட்கள், இரண்டு பேரை விமான நிலையத்தில் வைத்துப் பிடித்தார்கள். இவ்வளவு திட்டம் போட்டு வந்தவர்கள் வியாசர்பாடிப் பக்கம் எட்டிப் பார்க்கவில்லை. ஏன் வருவார்கள்? எங்கள் தெருவில் வண்டி ஓட்டுவதே ஒரு வித்தை. ஒரு பக்கம் தண்ணீர்க் குடம் வரிசை, ஒரு பக்கம் இஸ்திரி வண்டி, நடுவில் கில்லி மாதிரி ஓடும் பசங்க. பறித்தாலும் பத்தடிக்கு மேல் போக முடியாது.

"புள்ளிவிவரம் பாருங்க" என்று சொல்பவர்களுக்கும் ஒரு வார்த்தை. தேசியக் குற்ற ஆவணக் காப்பகம் வெளியிடும் அறிக்கையில் சென்னை மொத்தத்துக்கும் ஒரு கணக்கு இருக்கும். உங்கள் தெருவுக்கு இருக்காது. இதில் 2022 முதல் ஆவடியும் தாம்பரமும் தனி போலீஸ் ஆணையரகம் வேறு. அதைவிட முக்கியம், எது எழுதப்படுகிறதோ அதுதான் கணக்கில் வரும். மாமியார் செயினுக்கு நாங்கள் ஸ்டேஷனுக்குப் போனபோது (எந்த ஸ்டேஷன் என்று கேட்காதீர்கள்) கிடைத்தது புகார் வாங்கிக்கொண்டதற்கான ஒரு சி.எஸ்.ஆர். ரசீது. எஃப்.ஐ.ஆர். வாங்க நாலு நடை நடந்தோம். "பாட்டி எங்கயாச்சும் கழட்டி வச்சிருப்பாங்க, நல்லா தேடிப் பாருங்க" என்றார் ஒருவர். கழுத்தில் காயத்தோடு மாமியார் அவர் முன்னாடி உட்கார்ந்திருக்கிறார். இப்படி எத்தனை செயின் எழுதாமலே போயிருக்கும்? அமைதியான ஏரியா என்ற பெயரைக் காப்பாற்றுவதில் பலருக்கும் அக்கறை இருக்கிறது.

அதனால் நான் வேறு மாதிரி பார்த்தேன். புரோக்கர் எப்போதும் காலை பதினோரு மணிக்குத்தான் வீடு காட்டுவார். அந்த நேரத்தில் எந்தத் தெருவும் நல்ல தெருதான். சாவியை அவரிடமே கொடுத்துவிட்டு, நான் தனியாகச் சனிக்கிழமை ராத்திரி ஒன்பதே முக்காலுக்கு வியாசர்பாடி ஜீவா ஸ்டேஷனில் இறங்கி நடந்தேன். ஏன் அந்த நேரம் என்றால், டாஸ்மாக் பத்து மணிக்குச் சாத்துவான். அதற்குப் பிந்தைய அரை மணி நேரம்தான் ஒரு தெருவின் உண்மையான முகம்.

முதலில் பார்த்த வீட்டில் ஆயிரம் ரூபாய் வாடகை கம்மி, டைல்ஸ் போட்ட புது வீடு. ஆனால் அதற்குப் போக ஒரு குடோன் மதில் ஓரமாக நடக்கவேண்டும். எண்ணிப் பார்த்தேன், இருநூற்றுப் பத்து அடி எடுத்து வைக்கும் வரை ஒரு கதவு இல்லை, ஒரு ஜன்னல் இல்லை. தெருவிளக்கு இரண்டு, ஒன்று எரியவில்லை. அங்கே யாரும் என்னை ஒன்றும் செய்யவில்லை, எதிரில் ஒரு நாய் வந்தது, அவ்வளவுதான். இருந்தாலும் அந்த வீடு வேண்டாம் என்று அந்த மதில் முடிவதற்குள்ளேயே தெரிந்துவிட்டது.

இப்போது இருக்கும் தெருவில் அதே நேரத்துக்கு டெய்லர் கடையில் மிஷின் ஓடிக்கொண்டிருந்தது. ஒரு அக்கா வாசலில் ஸ்டூல் போட்டு மீன் வறுத்துக்கொண்டிருந்தார். கம்பத்தில் பல்பு தொங்கவிட்டு, அதற்குக் கீழே நாலு பசங்க கேரம் ஆடினார்கள், சுற்றி எட்டுப் பேர் நின்று யோசனை சொன்னார்கள். கையில் பச்சை, காதில் கடுக்கன், முன்பக்கம் மட்டும் கலர் அடித்த முடி. என் அண்ணன் பார்த்திருந்தால் அங்கேயே திரும்பியிருப்பான். பத்து பத்துக்குத் தள்ளாடிக்கொண்டு ஒருவர் வந்தார். மீன் வறுக்கும் அக்கா கரண்டியைத் தூக்கிக் காட்டி, "தே, நேரா வூட்டுக்குப் போ" என்றார். அவரும் நேராகப் போனார். அவர் அந்த அக்காவின் கொழுந்தன் என்று குடிவந்த பிறகுதான் தெரிந்தது.

மறுநாள் காலை இஸ்திரி போடுபவரிடம் கேட்டேன், மிக்ஜாம் புயலில் இங்கே தண்ணீர் எவ்வளவு வந்தது என்று. 2023 டிசம்பர் அது. அவர் பேசாமல் கரிப்பெட்டியைக் கீழே வைத்துவிட்டு இடுப்பைத் தொட்டுக் காட்டினார். அதோடு கீழ்வீடு என்ற பேச்சே போச்சு. இன்னொரு விஷயமும் அவர்தான் சொல்லிக்கொடுத்தார்: வீட்டுக்காரர் சுவருக்குப் புது பெயின்ட் அடித்து மறைத்துவிடலாம், ஈ.பி. மீட்டர் பெட்டியை மறைக்க முடியாது. அதைப் பெயர்த்து மேலே ஏற்றிப் பொருத்தியிருந்தால் அங்கே தண்ணீர் வந்திருக்கிறது என்று அர்த்தம். அசோக் நகரிலும் 2015ல் தண்ணீர், 2021 நவம்பரில் தண்ணீர். அங்கே யாரும் அதை ஆபத்து என்று சொல்ல மாட்டார்கள், "மழை ஜாஸ்தி" என்பார்கள்.

இப்போது எரிச்சலான விஷயத்துக்கு வருகிறேன். வீடு தேடிய இரண்டு மாதத்தில் "டீசன்ட் ஏரியா" என்ற சொல்லை எத்தனை முறை கேட்டேன் என்று கணக்கே இல்லை. ஒரு புரோக்கர் நடுத்தெருவில் நின்று கையை விரித்துக் காட்டினார்: "பயமே வேணாம் மேடம், இங்க எல்லாம் நம்ம ஆளுங்கதான்." என்னைப் பார்த்து அவர் எதைக் கண்டுபிடித்தார் என்று தெரியவில்லை, தப்பாகக் கண்டுபிடித்திருந்தார். அந்த "நம்ம ஆளுங்க"தான் பாதிப் பேர் பேசும் பாதுகாப்பு. குற்றம் எவ்வளவு என்று அவர்கள் கேட்பதில்லை, குடியிருப்பது யார் என்று கேட்கிறார்கள். நான் இருந்த "சேஃப்" தெருவில் என் சிநேகிதி குடும்பத்துக்கு வீடு கேட்டுப் போனபோது பெயரைச் சொன்னதுமே "நேத்துதான் அட்வான்ஸ் வாங்கிட்டோம்" என்றார்கள். டு-லெட் போர்டு இன்னும் ஒரு மாதம் தொங்கியது. அவளுக்கு அந்தத் தெரு சேஃபா?

கண்ணகி நகர் முகவரியைப் பார்த்துவிட்டு வேலை கொடுக்காமல் திருப்பி அனுப்பிய கதைகள் எத்தனை. அந்த மக்களை நகரத்தின் நடுவிலிருந்து பெயர்த்துக்கொண்டுபோய் அங்கே போட்டதும் நாம்தான், அப்புறம் அந்தப் பெயரைக் கேட்டு மூக்கைச் சுளிப்பதும் நாம்தான். கபடியில் அந்த நகர்ப் பெண் கார்த்திகா தங்கம் வாங்கி வந்த அன்று மட்டும் எல்லோர் ஸ்டேட்டஸிலும் கண்ணகி நகர். 2024ல் அமெரிக்காவில் உலகக் கோப்பை கேரம் போட்டியில் மூன்று தங்கம் வாங்கினாரே காசிமா, அவரும் எங்கள் வடசென்னைப் பெண், ஆட்டோ ஓட்டுநர் மகள். என் தெருவில் பல்புக்குக் கீழே ஆடிய பசங்களைப் பார்த்து அண்ணன் நினைக்கும் சொல் வேறு, அந்தப் பெண் ஆடியதும் அதே போர்டில்தான்.

இதை எழுதும்போதே சிலர் "வடசென்னை சொர்க்கம்னு சொல்ல வர்றீங்களா" என்று கமென்ட் போடக் காத்திருப்பது தெரிகிறது. இல்லை. பதினாலு மாதத்தில் என் ஸ்கூட்டியிலிருந்து இரண்டு முறை பெட்ரோல் உறிஞ்சிவிட்டார்கள். ஜன்னல் ஓரம் சார்ஜ் போட்ட போன் ஒன்று போனது, கம்பு விட்டு இழுத்திருக்கிறார்கள். ரயில் பாதை ஓரத்தில் கஞ்சா அடிக்கும் கும்பல் ஒன்று உண்டு. அந்த வழியில் மகள் போக மாட்டாள், நானும் போக மாட்டேன், இங்கேயே பிறந்து வளர்ந்தவர்களும் போக மாட்டார்கள். மாதம் ஒருமுறை ராத்திரி பதினோரு மணிக்கு ஒரு குடும்பச் சண்டை தெருவுக்கு வந்துவிடும். முதல் தடவை பயந்து மகளை உள்ளே தள்ளிக் கதவைச் சாத்தினேன். இப்போது யார் பேச்சில் நியாயம் இருக்கிறது என்று பால்கனியில் நின்று கேட்கிறோம். தனியாகத் தங்கும் இருபத்திரண்டு வயதுப் பெண் என்னை மாதிரி இவ்வளவு சீக்கிரம் இங்கே பழகியிருப்பாளா? சந்தேகம்தான். எனக்கு ஒரு மாமியார் இருக்கிறார், அவர் வந்த மூன்றாம் நாளே தெருவில் பாதிப் பேருக்கு அத்தையாகிவிட்டார். அது எல்லோருக்கும் கிடைக்காது.

ஆனால் ஒன்று கவனித்தேன். போகாதே என்று தடுத்தவர்கள் எல்லோரும் மனிதர்களைக் காட்டித்தான் பயமுறுத்தினார்கள். கொடுங்கையூர் குப்பைமேட்டைப் பற்றி ஒருவர் சொல்லவில்லை. காற்று இந்தப் பக்கம் திரும்பினால் மாமியாருக்கு இருமல் விடாது. அங்கே குப்பையை எரிக்கும் உலை வேண்டாம் என்று 2025ல் இந்தப் பக்கத்து ஜனங்கள் மனிதச் சங்கிலி நின்றார்கள். நான் தாமதமாகப் போய்க் கடைசியில் நின்றேன். தெற்கே பெருங்குடியிலும் குப்பைமேடு இருக்கிறது, 2022 ஏப்ரலில் நாள் கணக்கில் பற்றி எரிந்தது. அதைச் சுற்றி அடுக்குமாடி வாங்குகிறவர்களிடம் "அந்த ஏரியாவா?" என்று யாராவது குரலைத் தாழ்த்திக் கேட்டிருக்கிறார்களா? ஐ.டி. காரிடார் ஆயிற்றே.

செயின் போன பயம் எனக்குக் குறைந்துவிட்டது, இருமல் பயம் கூடியிருக்கிறது. இதையும் சேர்த்துத்தான் அந்த ஆபீஸ் பெண்ணிடம் சொல்லவேண்டும்.

அண்ணன் போன மாதம் முதல் தடவையாக வந்தான். வண்டியை நிறுத்திவிட்டு மாடிப்படி தேடிக்கொண்டிருந்தவனை கேரம் பசங்களில் ஒருத்தன், அந்தக் கலர் முடிக்காரன், "யாரண்ணா வேணும்? எந்த வூடு?" என்று கேட்டிருக்கிறான். பதில் சொல்லும்வரை வழி விடவில்லையாம். மேலே வந்தவன் தண்ணீர் குடிப்பதற்கு முன்னால், "என்ன ஏரியாம்மா இது, வர்றவன் போறவனையெல்லாம் கேள்வி கேக்கறானுங்க" என்றான். மாமியார் சிரிப்பை அடக்க முடியாமல் சமையல்கட்டுக்குள் போய்விட்டார்.

ஆபீஸ் பெண்ணிடம் சொல்லியிருக்கிறேன், பகலில் வந்தால் வீடு காட்ட மாட்டேன் என்று. வரும் சனிக்கிழமை ஒன்பதே முக்காலுக்கு ஜீவா ஸ்டேஷன் வாசலில் நிற்கப்போகிறேன். செருப்பு மட்டும் நடக்கிற மாதிரி போட்டுக்கொண்டு வா, அந்தக் குடோன் மதில் வழியாகவும் ஒருமுறை கூட்டிப்போகிறேன் என்றிருக்கிறேன்.