மகள் வழியே போகும் மகுடம்

அரச குடும்பத்து நகைகள் என்றாலே எனக்குப் பெரிய ஈர்ப்பு கிடையாது. கண்ணாடிப் பெட்டி, மங்கல் விளக்கு, பக்கத்தில் ஒரு காவலர், அவ்வளவுதான். ஆனால் டென்மார்க் அரச குடும்பத்தின் ஒரு வைர டியாரா (தலையில் சூடும் சிறு மகுடம்) மட்டும் மனதில் ஒட்டிக்கொண்டுவிட்டது.

கதை கெய்ரோவில் தொடங்குகிறது. விக்டோரியா மகாராணியின் பேத்தி மார்கரெட், 1905 தொடக்கத்தில் தங்கை பாட்ரீசியாவுடன் அங்கே போயிருந்தார். ஸ்வீடன் இளவரசர் குஸ்டாஃப் அடால்ஃபும் வந்தார். அவருக்குப் பெண்ணாக மற்றவர்கள் மனதில் இருந்தது தங்கைதான் என்பார்கள். இளவரசருக்கோ அக்காவைப் பிடித்துவிட்டது. அதே ஜூனில் வின்ட்சரில் கல்யாணம். காதல் தன் ஊரில் பூத்ததாலோ என்னவோ, எகிப்தை ஆண்ட கெதிவ் இரண்டாம் அப்பாஸ் ஹில்மி, பாரிஸ் நகை நிறுவனமான கார்ட்டியே செய்த ஒரு டியாராவைக் கல்யாணப் பரிசாகக் கொடுத்தார். (அது யார் உழைத்த காசு என்று நைல் கரை விவசாயி கேட்டால் பதில் சொல்வது கஷ்டம்.) 1914இல் பிரிட்டன் அவரைப் பதவியிலிருந்து இறக்கிவிட்டது. கெதிவ் என்ற பட்டமே ஒழிந்தது. டியாராவுக்கு மட்டும் இன்றும் 'கெதிவ் டியாரா' என்றுதான் பெயர்.

மார்கரெட் 1920இல் இறந்துபோனார். வயது 38, வயிற்றில் ஆறாவது குழந்தை. நான்கு ஆண் பிள்ளைகளுக்கு நடுவே ஒரே பெண்ணான இங்கிரிட்டுக்கு அப்போது பத்து வயது. டியாரா அவளுக்கு வந்தது. 1935இல் டென்மார்க் இளவரசருக்கு வாழ்க்கைப்பட்டபோது இங்கிரிட் அதைச் சூடவில்லை. அம்மாவின் ஐரிஷ் லேஸ் முக்காடும் மிர்ட்டில் தழையில் கட்டிய சிறு வளையமும் போதும் என்று இருந்துவிட்டார். ஆனால் அவருடைய மூன்று மகள்களும் மணமேடை ஏறியது அந்த டியாராவோடுதான்: 1964இல் ஆன்-மரீ, 1967இல் மார்கரெத்தே, 1968இல் பெனடிக்டே. பிறகு பேத்திகள். மூத்த மகளுக்கு மார்கரெத்தே என்று பெயர் வைத்ததே, பத்து வயதில் பறிகொடுத்த அம்மாவின் நினைவாகத்தான்.

இதற்கு நேர் எதிரான ஏற்பாடும் அதே நாட்டில் உண்டு. கிரீடத்துக்கென்று நகைகள் இவ்வளவு குறைவா என்று வருந்திய சோஃபி மக்தலேனா அரசி, 1746இல் ஓர் உயில் எழுதினார்: தன் நகைகள் எந்தத் தனி ஆளுக்கும் போகக் கூடாது, கிரீடத்தோடுதான் இருக்க வேண்டும். விவேகமான உயில், மறுக்கவில்லை. அதனால்தான் அவை சிதறாமல் கோபன்ஹேகனின் ரோசன்போர்க் மாளிகையில் இன்றும் இருக்கின்றன. அரசியைத் தவிர யாரும் போட முடியாது, நாட்டை விட்டு வெளியே போகவும் கூடாது. எனக்கென்னவோ அது லாக்கரில் கிடக்கும் நகை மாதிரிதான் படுகிறது. பத்திரம் சரி, அதைப் போட்டுக்கொண்டு யார் அழுதார்கள், யார் சிரித்தார்கள்?

மகள் வழி என்றால் மருமகள் என்ன பாவம் செய்தாள் என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான். 2004இல் மார்கரெத்தேயின் மகன் ஃபிரெடரிக்கை மணந்து மேரி மருமகளாக வந்தபோது மார்கரெட்டின் முக்காடு அவர் தலைக்கு வந்தது, கெதிவ் டியாரா வரவில்லை. ஆனால் வெறுங்கையாகவும் விடவில்லை. 1869இல் இன்னொரு ஸ்வீடன் இளவரசி கொண்டுவந்த மாணிக்கச் செட்டை இங்கிரிட் பேரன் ஃபிரெடரிக்குக்கு எழுதி வைத்திருந்தார். டென்மார்க் கொடியின் சிவப்பும் வெள்ளையும் அதில் உண்டு. மேரி அதைத் தனக்குத் தோதாகக் கொஞ்சம் மாற்றிக்கொண்டார். பழசைத் தொடலாமா என்று முகம் சுளிப்பவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. போடுகிறவர் தலைக்குப் பொருந்தாத நகை எதற்கு?

2000இல் இங்கிரிட் இறந்ததும் கெதிவ் டியாரா போனது ஆட்சியில் இருந்த மூத்த மகளுக்கு அல்ல. கிரேக்க அரசருக்கு வாழ்க்கைப்பட்டு, நாட்டையும் அரியணையையும் இழந்து வெளிநாட்டில் வாழ்ந்த கடைக்குட்டி ஆன்-மரீக்குப் போனது.

2024 செப்டம்பரில் அவருடைய மகள் தியோடோராவுக்கு ஏதென்ஸ் பேராலயத்தில் கல்யாணம். அறுபது வருஷத்துக்கு முன் அம்மா மணமுடித்த அதே கோயில், அதே டியாரா, அதே முக்காடு. கிரீசில் மன்னராட்சியை ஒழித்துத்தான் ஐம்பது வருஷத்துக்கு மேலாகிவிட்டது.