பென்னட் அப்பா மேல் எனக்கு ஒரு வழக்கு

ஜேன் ஆஸ்டெனின் ப்ரைடு அண்ட் ப்ரிஜுடிஸ் நாவலைப் பற்றி யார் பேச்செடுத்தாலும் கதாநாயகன் டார்சி நல்லவரா, திமிர் பிடித்தவரா என்ற இடத்தில்தான் வந்து நிற்கிறது. டார்சியை விடுங்கள். தப்பு செய்தார், உறைத்தது, திருத்திக்கொண்டார், கைக்காசையும் செலவழித்தார், கணக்கு தீர்ந்தது. என் கோபமெல்லாம் நூலக அறைக் கதவைச் சாத்திக்கொண்டு உள்ளே புத்தகம் படித்துக்கொண்டிருக்கும், கதாநாயகி லிசியின் அப்பா மேல்தான்.

ஒன்றை ஒப்புக்கொண்டுவிடுகிறேன். கல்லூரிக் காலத்தில் படித்தபோது அந்தக் கதையிலேயே எனக்கு ரொம்பப் பிடித்த ஆள் மிஸ்டர் பென்னட். எப்படிப் பிடிக்காமல் போகும்? சொந்தக்காரப் பாதிரியார் காலின்ஸைக் கட்டிக்கொள்ள மாட்டேன் என்று லிசி சொல்லிவிட்டாள், அம்மா தாம்தூம் என்று குதிக்கிறார், பஞ்சாயத்து அப்பாவிடம் வருகிறது. அவர் நிதானமாகச் சொல்கிறார்: அவனைக் கட்டிக்கொள்ளாவிட்டால் உன் அம்மா இனி உன் முகத்தில் விழிக்க மாட்டாள், கட்டிக்கொண்டால் நான் விழிக்க மாட்டேன். விசிலடிக்காத குறைதான் அப்போது. நமக்கு இப்படி ஓர் அப்பா வாய்க்கவில்லையே என்று ஏங்கியதுகூட உண்டு. போன மாதம் காய்ச்சலில் படுத்திருந்தபோது மறுபடி எடுத்தேன், இப்போது வயது 47, அந்த இடம் வந்ததும் வழக்கம்போல சிரித்தேன், அடுத்த பக்கம் போகும் முன்னால் சிரிப்பு அடங்கிவிட்டது, ஏனென்றால் இந்தத் தடவை வீட்டு வரவுசெலவு பார்க்கிற கண்ணோடு படித்துக்கொண்டிருந்தேன்.

நீங்களும் பாருங்கள். அவர்களுடைய லாங்போர்ன் நிலத்திலிருந்து வருஷத்துக்கு 2000 பவுண்டு வருமானம். 200 வருஷத்துக்கு முந்தைய இங்கிலாந்தில் அது வண்டி, குதிரை, வேலைக்காரர்கள் என்று தாராளமாக வாழ்கிற காசு. ஆனால் சொத்து ஆண் வாரிசுக்குத்தான் என்று எழுதப்பட்டிருக்கிறது. இவர் கண்ணை மூடினால் வீடும் நிலமும் காலின்ஸுக்கு. கல்யாண ஒப்பந்தத்தில் மனைவிக்கும் பிள்ளைகளுக்கும் என்று எழுதி வைத்தது 5000 பவுண்டு. நாலு சதவீத வட்டிக்குப் போட்டால் வருஷத்துக்கு 200. அம்மாவும் ஐந்து மகள்களுமாக ஆறு பெண்களுக்கு! பெண் கேட்க வந்த இடத்திலேயே, உனக்கு வரப்போவது 1000 பவுண்டுதான், அதுவும் உன் அம்மா காலத்துக்கு அப்புறம்தான், நான் அதைக் குத்திக்காட்ட மாட்டேன் என்று குத்திக்காட்டுகிறானே காலின்ஸ், அந்த மடையனுக்குத் தெரிந்த கணக்கு அப்பாவுக்குத் தெரியாதா?

தெரியும். ஆரம்பத்தில் பையன் பிறப்பான், அவன் வளர்ந்து ஆளானதும் அப்பனும் பிள்ளையும் சேர்ந்து ஆண் வாரிசுக்குத்தான் என்கிற அந்தக் கட்டுப்பாட்டை உடைத்துவிடலாம், இப்போது எதற்குச் சேமிப்பு என்று இருந்திருக்கிறார். வரிசையாக ஐந்து பெண். கடைசிப் பெண் லிடியா பிறந்து பல வருஷம் வரைக்கும் அம்மா பையன் வருவான் என்றே நம்பிக்கொண்டிருந்தார். அந்த நம்பிக்கை போனபோது, இனிமேல் சேமித்து என்னத்துக்கு என்றாகிவிட்டது. கல்யாணமாகி 23 வருஷம். வருஷம் 200 பவுண்டு, வருமானத்தில் பத்தில் ஒரு பங்கு, தனியே எடுத்து வைத்திருந்தால் வட்டியே இல்லாமல் 4600 சேர்ந்திருக்கும், கிட்டத்தட்ட இன்னொரு மடங்கு. மனைவிக்குச் சிக்கனம் வராது என்பது உண்மைதான். கடன் வாங்காமல் குடும்பம் ஓடியதே இவரால்தான் என்றும் கதையில் இருக்கிறது, அந்தப் பெருமையை நான் பிடுங்கவில்லை. ஆனால் காலின்ஸ் வேண்டாம் என்று மகளைத் தட்டிக்கொடுத்தாரே, அந்தப் பெருந்தன்மைக்கான விலையை அவர் ஒரு பைசாகூடக் கட்டவில்லை. அவர் செத்தபிறகு அந்த ஆறு பேர்தான் கட்ட வேண்டும்.

மிஸஸ் பென்னட்டுக்கு வக்காலத்து வாங்குகிறேன் என்று நினைக்காதீர்கள். அவரோடு ஒரே வீட்டில் நான் இரண்டு நாள் தாங்க மாட்டேன். மழை வரும் என்று தெரிந்தே மூத்த மகள் ஜேனைக் குதிரையில் அனுப்பி நனையவிடுகிறவர், பக்கத்து நெதர்ஃபீல்டு மாளிகை விருந்தில் டார்சி காதுபட ஜேனுக்கு அந்த வீட்டுப் பணக்காரர் பிங்லி கிடைத்த மாதிரி தம்பட்டம் அடிக்கிறவர். ஆனாலும் அந்த வீட்டில் கூரை ஒழுகுகிறது என்று கத்துகிற ஒரே ஆள் அவர்தான். சத்தம் நாராசம், விஷயம் நிஜம். உள்ளே இருக்கிறவர் கத்தலைக் கேட்டு ரசித்து, அதற்கு ஏற்றமாதிரி ஒரு நக்கல் அடித்துவிட்டுப் புத்தகத்துக்குத் திரும்பிவிடுவார். அழகைப் பார்த்து மயங்கிக் கட்டிக்கொண்டார், புத்தி போதாது என்று தெரிந்ததும் மனசு விட்டுப்போயிற்று, அதற்குப் பிறகு மனைவி அவருக்கு ஒரு பொழுதுபோக்கு. பெற்ற பிள்ளைகள் முன்னாலேயே அவரைக் கேலிப்பொருளாக்கினார். இது என் கண்டுபிடிப்பு இல்லை, லிசியே ஓரிடத்தில் மனசுக்குள் இதை ஒத்துக்கொள்கிறாள். டார்சி லிசிக்கு எழுதிய கடிதத்தில்கூட அம்மாவையும் தங்கைகளையும் சொல்லிவிட்டு, சில சமயம் உன் அப்பாவும்கூட என்று ஒரு வார்த்தை வருகிறது. கடிதத்தில் மற்றதையெல்லாம் விவாதிக்கிற நாம் அந்த வார்த்தையைத் தாண்டிப் போய்விடுகிறோம்.

அதே நெதர்ஃபீல்டு விருந்தில் லிசியின் தங்கை மேரி பாடுகிறாளே, அதைக் கொஞ்சம் நின்று படியுங்கள். ஐந்து பேரில் அழகில்லாதவள் என்று பெயர் வாங்கியதால் படிப்பு, பியானோ என்று மாங்குமாங்கென்று உழைக்கிற பெண். குரல் சுமார்தான். முதல் பாட்டு முடிந்தது, இரண்டாவதும் பாடிவிட்டாள், லிசிக்கு மானம் போகிறது, ஏதாவது செய்யுங்கள் என்று அப்பாவைப் பார்க்கிறாள். அவர் எல்லார் காதிலும் விழ, போதும்மா, ரொம்ப நேரம் எங்களை மகிழ்வித்துவிட்டாய், மற்றப் பெண்களுக்கும் வாய்ப்பு கொடு என்கிறார். மேரி காதில் விழாதது போல இருந்துகொள்கிறாள். பக்கத்தில் போய்க் காதோடு சொல்லியிருக்கலாம் இல்லையா? சொல்லியிருக்கலாம், ஆனால் காதோடு சொன்னால் நக்கல் வீணாகிவிடுமே.

லிசியின் சிநேகிதி சார்லட் லூகாஸ் விஷயத்தில் நானும் ஒரு காலத்தில் லிசி கட்சி. 27 வயதுப் பெண், கையில் காசில்லை, காலின்ஸைக் கட்டிக்கொள்கிறாள், சிநேகிதியே அவளைக் கீழாக நினைக்கிறாள். சார்லட்டின் அப்பா யார் தெரியுமா? பக்கத்து ஊர் மெரிட்டனில் வியாபாரம் செய்து ஓரளவு சம்பாதித்தவர். சர் பட்டம் வந்ததும் கடை வைத்திருப்பது கௌரவக் குறைச்சலாகிவிட்டது, தொழிலை விட்டுவிட்டு ஊருக்கு வெளியே ஒரு வீட்டுக்குக் குடிபோய், அதற்குத் தன் பெயரையே வைத்து, வருவோர் போவோரிடம் மரியாதையாகப் பேசிக்கொண்டே காலத்தை ஓட்டுகிறார். மகளுக்குக் கொடுக்கப் பெரிதாக ஒன்றுமில்லை. அக்கா தங்கள் தலையில் விழாமல் போனாளே என்று தம்பிகளுக்கு நிம்மதி! அப்புறம் சார்லட் என்னதான் செய்வாள்? காலின்ஸின் ஹன்ஸ்ஃபோர்டு வீட்டில் அவள் தனக்கென்று பின்பக்கத்து அறையைத் தேர்ந்தெடுத்திருப்பாள். முன்பக்க அறை பெரிது, வெளிச்சமும் நன்றாக இருக்கும், ஏன் இப்படி என்று லிசி யோசிக்கிறாள், அப்புறம் புரிகிறது: தெருவைப் பார்த்த அறையில் உட்கார்ந்தால் புருஷன் நொடிக்கொரு தரம் வந்து நிற்பான். எனக்கு அந்தக் கதையில் இருப்பவர்களிலேயே மூளையைச் சரியாகப் பயன்படுத்தியவள் அவள்தான்.

இதே லிசி ராணுவ அதிகாரி விக்கமுக்கு என்ன நியாயம் வைத்தாள் பாருங்கள். மேரி கிங் என்ற பெண்ணுக்குத் திடீரென்று 10,000 பவுண்டு வந்தது, அதுவரைக்கும் கண்டுகொள்ளாத விக்கம் உடனே அவள் பின்னால் போகிறான். லிசி தன் அத்தைக்கு எழுதுகிறாள், அழகான பையன்களும் சாப்பிட வேண்டுமே என்று. காசுக்காக ஆண் போனால் சாமர்த்தியம், பெண் போனால் கேவலமா? ஆள் கலகலப்பாகப் பேசினால் மன்னிப்பு, அறுவையாக இருந்தால் தண்டனை என்கிற இந்தத் தராசை அவள் எங்கிருந்து எடுத்தாள்? வீட்டிலிருந்துதான். விக்கம் ஜாலியான ஆள், உன்னைக் கைவிட்டாலும் கௌரவமாகக் கைவிடுவான் என்று அவளிடம் சொன்னது யார்? சாட்சாத் அப்பாதான்.

பிரைட்டன் சங்கதிக்கு வருகிறேன். லிடியாவுக்கு 16 வயது நிறைந்தும் நிறையாத நேரம். ராணுவ முகாம் இருக்கிற ஊருக்கு, தன்னைப் போலவே விளையாட்டுத்தனமான ஒரு கர்னல் மனைவியோடு போகக் கிளம்புகிறாள். லிசி தனியாக வந்து, அனுப்பாதீர்கள், இவள் கெட்டுப்போனால் எங்கள் எல்லார் பெயரும் கெடும் என்று தெளிவாகச் சொல்கிறாள். 20 வயதுப் பெண் அப்பாவுக்கு அப்பாவாக நின்று பேசுகிறாள். அவர் பதில்? எங்கேயாவது பொது இடத்தில் போய் அசிங்கப்பட்டால்தான் லிடியா அடங்குவாள், இதைவிடக் குறைந்த செலவில் அதற்கு வாய்ப்பு கிடைக்காது. அனுப்பாவிட்டால் வீட்டில் நிம்மதி இருக்காது. யார் நிம்மதி என்பதைச் சொல்லத் தேவையில்லை. அவள் விக்கமோடு ஓடிப்போனபின் லண்டனுக்குத் தேடிப்போனவர், மச்சினர் கார்டினரிடம் பொறுப்பைக் கொடுத்துவிட்டு ஊர் திரும்புகிறார். தப்பு என்னுடையதுதான், ஆனால் கவலைப்படாதே, இந்த வருத்தம் சீக்கிரம் போய்விடும் என்று அதையும் ஜோக்காகத்தான் சொல்கிறார். சொன்னபடியே போயும்விட்டது.

ஜேன் ஆஸ்டென் இதை வேடிக்கைக்கு எழுதினார் என்று சொல்கிறவர்களுக்கு ஒரு விஷயம். முதல் பிரதியை அவர் எழுதியது 1796-97இல், 20, 21 வயதில். 1805இல் அப்பா இறந்தார். அதன்பிறகு அம்மா, அக்கா, இவர் மூன்று பேரும் சகோதரர்கள் கொடுக்கிற பணத்தை நம்பி இடம் மாறிக்கொண்டே இருந்து, 1809இல்தான் ஓர் அண்ணன் கொடுத்த சாட்டன் வீட்டில் நிலையாக உட்கார முடிந்தது. புத்தகம் வந்தது 1813 ஜனவரியில். உரிமையை மொத்தமாக 110 பவுண்டுக்கு விற்றிருந்தார். அப்பா போனபின் ஒரு வீட்டுப் பெண்களுக்கு என்ன ஆகும் என்று அனுபவித்துத் தெரிந்துகொண்டவர் மெருகேற்றி வெளியிட்ட கதை இது. அப்படியிருந்தும் அந்த அப்பாவை வில்லனாக்காமல் நம்மைச் சிரிக்கவைத்தே தப்பவிட்டிருக்கிறார், கெட்டிக்காரி.

அவர் கெட்டவர் இல்லை, எனக்கு அதுதான் எரிச்சல். டார்சியைக் கட்டிக்கொள்ளப்போகிறேன் என்று லிசி வந்து நிற்கும்போது, மதிக்க முடியாத ஒரு துணையோடு நீ வாழ்வதைப் பார்க்கிற துக்கத்தை எனக்குக் கொடுத்துவிடாதே என்கிறார். தன் 23 வருஷத்தையும் அந்த ஒரு வாக்கியத்தில் சொல்லிவிடுகிறார், எனக்குக் கண் கலங்கிவிட்டது. அதே அறை, அதே நாற்காலி, சில நிமிஷம்கூட ஆகியிருக்காது. லிடியாவின் கல்யாணத்துக்குப் பின்னால் இருந்தது டார்சிதான், விக்கமின் கடனைத் தீர்த்து, பணம் கொடுத்து, ராணுவத்தில் பதவியும் வாங்கிக்கொடுத்தது அவர்தான் என்று லிசி சொல்கிறாள். இவர் சந்தோஷப்படுகிறார். கார்டினர் கொடுத்திருந்தால் திருப்பிக் கொடுத்தாக வேண்டும், டார்சி என்றால் நாளைக்கு ஒரு பேச்சுக்குக் கொடுக்கிறேன் என்பேன், காதல் மயக்கத்தில் வேண்டாம் என்பார், முடிந்தது கதை, எனக்குச் செலவும் மிச்சம் அலைச்சலும் மிச்சம்!

லிசி சிரித்துக்கொண்டே வெளியே போகிறாள். பின்னாலிருந்து குரல் கொடுக்கிறார், மேரிக்கோ கிட்டிக்கோ பையன்கள் யாராவது வந்தால் உள்ளே அனுப்பு, நான் சும்மாதான் இருக்கிறேன் என்று.

அதைத்தான் நானும் சொல்கிறேன், 23 வருஷமாகச் சும்மாதான் இருக்கிறார்.