உபுண்டுவில் நெட்டை இணைத்தாலே பாஸ்வேர்டு போய்விடுமா? இல்லை

விண்டோஸைப் போலக் கணினியை இயக்கும் மென்பொருள்தான் உபுண்டு. "உபுண்டு கம்ப்யூட்டரில் நெட்டை இணைத்தாலே பாஸ்வேர்டு திருடு போய்விடும், உடனே அழித்துவிடுங்கள்" என்று புதுச்சேரி வாட்ஸ்அப் குழுக்களில் ஒரு தகவல் சுற்றுகிறது. லாஸ்பேட்டையில் படிக்கும் பிள்ளைகள் சிலர் பயந்துபோய் என்னிடமே கேட்டார்கள். அது தவறான தகவல்.

உபுண்டுவில் பாதுகாப்பு ஓட்டை ஒன்று இருந்தது உண்மைதான். 2025 மே மாதக் கடைசியில் குவாலிஸ் என்ற கணினிப் பாதுகாப்பு நிறுவனம் அதை வெளியிட்டது; பாதுகாப்பு ஓட்டைகளுக்குத் தரப்படும் பொது அடையாள எண் சிவிஇ-2025-5054. ஏதாவது ஒரு புரோகிராம் பாதியில் செயலிழந்தால், அந்த நேரத்தில் அதன் நினைவகத்தில் இருந்ததை உபுண்டுவின் அப்போர்ட் என்ற பேக்கேஜ் எடுத்து வைக்கும். அந்தச் சிறு இடைவெளியில் வேறொரு புரோகிராமை அதே அடையாள எண்ணில் ஓடவிட்டு ஏமாற்றினால், பார்க்கக் கூடாத தகவல் ஒருவர் கைக்குப் போகலாம்.

இந்த ஓட்டையை "லோக்கல்" வகை என்பார்கள்; குழப்பமே அந்தச் சொல்லில்தான். அந்தக் கணினியிலேயே கணக்கு வைத்து உள்ளே நுழைந்திருப்பவர் என்று அர்த்தம். நெட்டில் எங்கோ இருக்கும் வெளியாள் இதை நேரடியாகச் செய்ய முடியாது. அபாய மதிப்பெண்ணும் 10-க்கு 4.7தான்.

திருத்தம் அப்போதே வந்துவிட்டது. அப்டேட் செய்தால் போதும், எதையும் அழிக்க வேண்டாம். பலர் மாறி மாறி உட்காரும் கல்லூரி ஆய்வகக் கணினிகளில் மட்டும் அப்டேட் ஆகியிருக்கிறதா என்று தயவுசெய்து இன்றே பாருங்கள்.