நீலகிரியில் ‘மழை 120 சதவீதம் குறைவு’ என்பது தவறு

நீலகிரியைச் சிவப்பு நிறத்தில் காட்டும் வரைபடம் ஒன்று வாட்ஸ்அப்பில் சுற்றுகிறது. ‘வறட்சிக் குறியீடு மைனஸ் 1.2, அதாவது மழை 120 சதவீதம் குறைவு, மாவட்டமே வறட்சிப் பகுதியாகிவிட்டது’ என்கிறது கூடவே வரும் செய்தி.

மழை 100 சதவீதத்துக்கு மேல் குறைய வழியே இல்லை. ஒரு சொட்டுகூடப் பெய்யாவிட்டாலும் கணக்கு அதோடு முடிந்தது.

அந்த எண் எஸ்.பி.ஐ. எனப்படும் தரப்படுத்திய மழைக் குறியீடு (வங்கி இல்லை). 1993-இல் அமெரிக்காவின் கொலராடோவில் உருவானது. ஓர் இடத்தின் மழையை அதே இடத்தில் பல ஆண்டுகள் பெய்த மழையோடு ஒப்பிடும், சதவீதம் சொல்லாது. மைனஸ் 1 முதல் மைனஸ் 1.49 வரை மிதமான வறட்சி. மைனஸ் 2-க்குப் போனால்தான் மிகக் கடுமை. மைனஸ் 1.2-ம் அதற்குக் கீழும் நூறு ஆண்டில் சுமார் 11 ஆண்டுகளில் வரக்கூடியதுதான்.

எத்தனை மாத மழையை வைத்துப் போட்ட கணக்கு என்பதையும் பார்க்க வேண்டும். சுற்றும் படத்தில் அந்த வரியையே வெட்டிவிட்டார்கள். பிப்ரவரியில் ஊட்டியில் இயல்பாகவே மழை சொற்பம். ஒரு மாதக் குறியீட்டில் சின்னக் குறைவும் பெரிதாகத் தெரியும். அணை நீரைப் பற்றிப் பேச 12 மாதக் குறியீடுதான் பொருத்தம். அப்புறம், மாவட்டத்துக்கு ஒரே எண் என்றால் தென்மேற்குப் பருவமழையில் நனையும் தேவாலாவும் வடகிழக்கை நம்பும் குன்னூரும் அதில் ஒன்றாகிவிடும்.

மாவட்டவாரி வரைபடங்களை இந்திய வானிலைத் துறையின் புனே அலுவலக இணையதளத்தில் பார்க்கலாம். வறட்சி அறிவிப்பு மாநில அரசிடமிருந்துதான் வரும். அந்தப் படம் வந்தால் மேற்கொண்டு அனுப்பாதீர்கள். அனுப்பியவருக்கு இதைக் காட்டுங்கள்.