ஏர் புடிச்ச ஆம்பள படத்தை மொதல்ல மாத்துங்க

விவசாயம் வந்துச்சு, மனுஷன் செட்டில் ஆனான், பசி தீர்ந்துச்சு, நாகரிகம் வந்துச்சுன்னு ஸ்கூல் புக்குல படிச்சோம், இப்ப யூடியூப் வீடியோவும் அதையேதான் சொல்லுது. எனக்கு இதுல சுத்தமா உடன்பாடு இல்ல. பசி தீர்ந்துச்சுன்னே வச்சுக்குவோம், யாரோட முதுகு ஒடிஞ்சு தீர்ந்துச்சுன்னு கேக்கணும்ல?

சிரியாவுல யூஃப்ரடீஸ் ஆத்தங்கரையில அபு ஹுரைரான்னு ஒரு ஆதிகால ஊர். அணை வரப்போகுதுன்னு 1972-73ல அவசர அவசரமா தோண்டுனாங்க, இப்ப அந்த இடம் தண்ணிக்கடியில கெடக்கு. அங்க கெடைச்ச எலும்பையெல்லாம் தேயா மொலிசன்ங்கற ஆய்வாளர் உக்காந்து பாத்தா, கால் கட்டைவிரல் மூட்டு தேஞ்சு போயிருக்கு, முட்டியிலயும் முதுகெலும்புலயும் சேதம், அதுவும் பெரும்பாலும் பொம்பளைங்களுக்கு. காரணம் அரவைக்கல்லு. நம்ம அம்மி மாதிரி தரையில கெடக்குற கல்லு, அது முன்னாடி மண்டி போட்டு, கால்விரலை மடக்கி தரையில ஊனி, மொத்த ஒடம்பையும் முன்ன தள்ளி பின்ன இழுத்து அரைக்கணும், தினம் தினம், மணிக்கணக்கா, சின்ன வயசுலேருந்தே. மாவுல கலந்த கல்லுத் துகள் அந்த ஊர்க்காரங்க பல்லையும் தேச்சு விட்டுச்சு. வேட்டையாடி, கெழங்கு தோண்டித் தின்னவங்களுக்கும் கஷ்டம் இருந்துச்சுதான், ஆனா இந்த மாதிரி ஒரே எடத்துல மண்டி போட்டு தேயுற கஷ்டம் தானியத்தை நம்பி வாழ ஆரம்பிச்ச பிறகு வந்தது.

சாமி விஷயமும் கூடவே மாறுது. துருக்கியில கோபெக்லி தெபேல வேட்டைக்காரங்க சுமார் 11,000 வருஷத்துக்கு முன்னாடி 5 மீட்டர் ஒசரத்துக்கு கல்தூண் நட்டாங்க, அதுல செதுக்கியிருக்கறது நரி, பாம்பு, தேளு, கழுகு. விவசாயம் வேர் புடிச்ச ஊருக்கு வந்து பாருங்க, செத்துப்போன சொந்தக்காரங்க முன்னால வந்து நிக்கிறாங்க. 1953ல பாலஸ்தீனத்துல இருக்கற ஜெரிக்கோங்கற பழைய ஊர்ல கேத்லீன் கென்யன்ங்கற தொல்லியல் ஆய்வாளர் தோண்டி எடுத்த மண்டை ஓட்டுக்கெல்லாம் சாந்து பூசி மொகம் செஞ்சு, கண்ணு எடத்துல சிப்பி பதிச்சிருந்தாங்க. துருக்கியிலயே சத்தல்ஹோயுக்ங்கற ஆதிகால விவசாய ஊர்ல பொணத்தை வீட்டுத் தரைக்கடியிலயே பொதைச்சுட்டு அதுக்கு மேலயே படுத்துத் தூங்குனாங்க, ஒரு வீட்டுத் தரைக்கடியில மட்டும் 60 பொணத்துக்கு மேல! அங்க ஒரு பொம்பளையப் பொதைக்கும்போது சாந்து பூசி செவப்பு பூசுன ஒரு மண்டை ஓட்டை மாரோட அணைச்சபடி வச்சிருக்காங்க, அதுலயும் ஒருதடவ இல்ல, திரும்பத் திரும்ப பூசியிருக்காங்க. அது யாரோட தலைன்னு எத்தனையோ நாள் யோசிச்சிருக்கேன்.

இதுல பாசம் நெசம்தான், ஆனா வெறும் பாசம் மட்டும்னு நான் நம்பல. விதைச்சுட்டு மாசக்கணக்கா காத்துக் கெடக்கறவனுக்கு இந்த மண்ணு என்னுதுன்னு சொல்ல ஒரு ஆதாரம் வேணும், எழுத்தே இல்லாத காலத்துல தரைக்கடியில கெடந்த தாத்தா பாட்டிதான் பட்டா. சொத்தும் முன்னோர் வழிபாடும் ஒண்ணா பொறந்துச்சுன்னுதான் எனக்குத் தோணுது.

இன்னமும் புக்குல ஏர் புடிச்ச ஆம்பள படத்தைத்தான் போடுறாங்க. ஏரே பல ஆயிரம் வருஷம் கழிச்சுதான் வந்துச்சு! அரவைக்கல்லு முன்னாடி மண்டி போட்டவளப் போடுங்க, எலும்பு சாட்சி அவளுக்குத்தான் இருக்கு.