ஞாயிற்றுக்கிழமை வாய்ஸ் நோட்டைப் பற்றி

எங்கள் பள்ளி அம்மாக்களின் வாட்ஸ்அப் குழுவில், பெண் பிள்ளைகளுக்குப் போடும் எச்.பி.வி. ஊசி வேண்டாம் என்று ஒரு வாய்ஸ் நோட் வந்தது. குழுவில் இருப்பவர்களுக்கு விஷயம் தெரியும். பெயர் சொல்ல மாட்டேன். அந்த வாய்ஸ் நோட்டை மூன்று தடவை கேட்டேன். "நம்ம பிள்ளைங்க ஒழுக்கமா வளர்ற பிள்ளைங்க, அந்த ஊசி நமக்கு எதுக்கு" என்ற இடம் வரும்போதெல்லாம் பானை தேய்க்கும் கை நின்றுவிடுகிறது. கீழே 14 கும்பிடு வேறு.

அது புற்றுநோயைத் தடுக்கிற ஊசிங்க. கருப்பை வாய்ப் புற்றுநோய். மலேசியாவில் படிவம் 1, அதாவது 13 வயதுப் பெண் பிள்ளைகளுக்கு 2010லிருந்து பள்ளியிலேயே இலவசமாகப் போடுகிறார்கள். இந்த நோயில் பத்தில் ஏழு, உடலுறவில் பரவும் எச்.பி.வி. கிருமியின் 16, 18 என்ற இரண்டு வகையால் வருவது. அந்த இரண்டையும் இந்த ஊசி தடுக்கிறது. இதில் ஒழுக்கம் எங்கே வந்தது?

என் பெரியம்மா பினாங்கின் பிறையில் ஃபேக்டரி வேலை பார்த்தவர். ஒரே கல்யாணம், ஒரே புருஷன், வெள்ளிக்கிழமை தவறாமல் விரதம். ரத்தம் போகப் போக, "நிக்கிற வயசு, அப்படித்தான் இருக்கும்" என்று ஒன்றரை வருடம் ஓட்டினார். காரில் ஏறினால் முதலில் ஒரு துண்டை நாலாக மடித்து சீட்டில் போடுவார். ஏன் என்று நாங்கள் யாரும் கேட்டதில்லை. பட்டர்வொர்த்திலிருந்து பாலம் ஏறி மருத்துவமனைக்குப் போன அன்றைக்கும் அந்தத் துண்டு இருந்தது. அதே புற்றுநோயில் இறக்கும்போது அவருக்கு வயது 52.

ஒழுக்கத்தில் குறை சொல்லுங்கள் பார்ப்போம். கிருமி அவருக்கு எப்படி வந்தது என்று யாராவது கேட்டிருந்தால் பெரியப்பா அல்லவா பதில் சொல்லியிருக்க வேண்டும்! இப்படி எழுதியதற்கு அக்கா கோபித்துக்கொள்வார். கோபிக்கட்டும்.

"13 வயசுப் பிள்ளைக்கு இப்பவே எதுக்கு?" கிருமி உடம்புக்கு வருவதற்கு முன்னால் போட்டால்தான் ஊசி சரியாக வேலை செய்யும், அதற்குத்தான். பெண் வயதுக்கு வந்தால் மண்டபம் எடுத்து, பேனர் அடித்து, 300 பேருக்குச் சோறு போட்டு ஊருக்கே சொல்லலாம். ஊசிக்குச் சம்மதம் என்று ஒரு கையெழுத்து கேட்டால் மட்டும் அவள் சின்னப் பிள்ளை ஆகிவிடுவாள்!

பின்விளைவு? கை வலிக்கும். சில பிள்ளைகளுக்கு மயக்கம் வரும், அதனால்தான் 15 நிமிடம் உட்கார வைக்கிறார்கள். பிள்ளை பிறக்காது என்பதெல்லாம் கட்டுக்கதை. ஆமாம், நான் டாக்டர் இல்லை. வாய்ஸ் நோட் அனுப்பியவரும் இல்லை.

ஊசி போட்டாலும் பிறகு பரிசோதனை செய்யத்தான் வேண்டும் என்று ஒருவர் மடக்கினார். செய்வோமே. ஹெல்மெட் போட்டவர் பிரேக்கைக் கழற்றி வீசுவாரா?

பள்ளி கொடுத்த சம்மதப் படிவத்தை, அந்தப் பாரத்தைப் பற்றி ஒரு அம்மா மட்டும் தனியாக எழுதியிருந்தார்: "பாரம் மலாய்ல இருந்துச்சு அக்கா, பயந்து வேணாம்னு போட்டுட்டேன்." அவர்மேல் எனக்குக் கோபமே வரவில்லை. எப்படி வரும்? என் பெரியவளின் பாரம் அவள் பையின் அடியில் சப்பிப்போய்க் கிடந்தது, கிச்சாப் கறையோடு. "அப்புறம் பார்க்கலாம்" என்று வைத்தவள் நான்தான். பெரியம்மாவைக் கொண்டுபோன நோயும் அந்தப் பாரத்தில் இருந்த நோயும் ஒன்று என்று எனக்குத் தெரியாது. வேறு வேலையாகக் கிளினிக்குக்குப் போனபோது ஒரு மிஸ்ஸி (நர்ஸ்) உட்கார வைத்துச் சொன்னார். பிறகு தனியாரில் நூற்றுக்கணக்கான வெள்ளி (ரிங்கிட்) கட்டிப் போட்டேன். அந்த இலவச ஊசிக்கு நான் கொடுத்த விலை.

தெரியாமல் இருப்பது வேறு. தெரியாததை ஒழுக்கம் என்று பேர் வைத்து 60 அம்மாக்களுக்கு அனுப்புவது வேறு. ஊசி போட்ட என் இரண்டு பெண்களும் அப்போது யார்? அதற்குமா கும்பிடு?

பாரம் புதன்கிழமைக்குள் போக வேண்டும். மலாய் புரியாதவர்கள் இரவு எட்டுக்கு மேல் எனக்குப் போன் அடியுங்கள், வரி வரியாகப் படித்துச் சொல்கிறேன். வாய்ஸ் நோட் அனுப்பியவரும் அடிக்கலாம்.