பனிக்கு அடியில் போன திமிங்கிலங்கள்

பழங்குடி மக்களின் அறிவையும் நவீன அறிவியலையும் இணைப்போம் என்று இப்போது இயற்கைப் பாதுகாப்புத் திட்ட அறிக்கைகளில் ஒரு பத்தி தவறாமல் இடம்பெறுகிறது. அதைப் படிக்கும்போதெல்லாம் எனக்குக் கோபம்தான் வருகிறது. எல்லை வரைந்து, தடைகள் விதித்து, பணமும் ஒதுக்கிய பிறகு பெரியவர்கள் நாலு பேரைக் கூட்டிவைத்துக் கருத்துக் கேட்பதற்குப் பெயர் இணைப்பா?

அலாஸ்காவின் வடகோடியில் நடந்ததைச் சொல்கிறேன். 19ஆம் நூற்றாண்டில் வணிகக் கப்பல்கள் வில்தலைத் திமிங்கிலங்களைச் சூறையாடின. மிஞ்சியவை இரண்டாயிரத்துக்குள்தான் என்ற கணக்கை நம்பி, 1977இல் சர்வதேசத் திமிங்கில ஆணையம் பழங்குடி மக்களின் உணவு வேட்டையையும் அடியோடு நிறுத்த முடிவெடுத்தது. தலைமுறை தலைமுறையாக அந்தத் திமிங்கிலத்தை உண்டு வாழ்ந்த இனுப்பியாட் பழங்குடி மக்களின் தலையில் இடி விழுந்தது.

ஆய்வாளர்கள் கணக்கு எப்படி எடுத்தார்கள்? வசந்த காலத்தில் கடற்பனி பிளந்து நீர்ப்பாதை திறக்கும். கரையோரப் பனிமேட்டில் உட்கார்ந்து, அந்தப் பாதையில் மூச்சுவிட மேலே வருபவற்றை எண்ணினார்கள். பாதை மூடிக்கொண்டால் திமிங்கிலம் வராது என்று நினைத்தார்கள்.

இனுப்பியாட் வேட்டையர்கள் மறுத்தார்கள். பனி மூடினாலும் அது நிற்காது, அடியிலேயே நீந்திப் போகும். மூச்சு வேண்டுமானால் தலையால் பனியை முட்டும். பனி சிறு குன்றுபோல எழும்பி உச்சியில் வெடிக்கும், அந்த விரிசலில் மூச்சு வாங்கிக்கொண்டு போய்விடும். கண்ணுக்கெட்டாத தொலைவிலும் கூட்டம் கூட்டமாகப் போகும் என்றார்கள். ஹாரி பிரவர் என்ற மூத்த வேட்டையர் இதை ஆய்வாளர்களுக்குப் பொறுமையாக விளக்கினார்.

1980களில் ஆய்வாளர்கள் நீரடி ஒலிவாங்கிகளை இறக்கினார்கள், விமானத்திலும் பறந்து பார்த்தார்கள். பாதை மூடிக் கிடந்த நாட்களிலும் பனிக்கு அடியில் திமிங்கிலங்களின் குரல் கேட்டது! 1993இல் கணக்கு எண்ணாயிரத்தைத் தொட்டது. 2011இல் ஏறத்தாழ பதினேழாயிரம். இதில் இனம் பெருகியதும் அடக்கம். ஆனால் முதல் கணக்கு பிழை என்பதில் சந்தேகமில்லை.

வேட்டையர்கள் சொன்னதை யாரும் கண்ணை மூடிக்கொண்டு ஏற்கவில்லை, சோதித்துத்தான் ஏற்றார்கள். அப்படித்தான் இருக்க வேண்டும். எதைச் சோதிப்பது, எங்கே எண்ணுவது என்ற கேள்வியே அவர்களிடமிருந்து வந்தது என்பதுதான் எனக்கு முக்கியம்.

அவர்கள் பேச்சு ஏன் எடுபட்டது? 1977இலேயே தங்களுக்கென ஒரு திமிங்கில ஆணையம் அமைத்தார்கள். 1981இல் அமெரிக்க அரசோடு கூட்டு நிர்வாக ஒப்பந்தம் போட்டார்கள். எண்ணெய் வரிப் பணம் வந்ததால் அவர்களது உள்ளாட்சியே ஆய்வாளர்களை வேலைக்கு அமர்த்தியது. கையில் பணமும் முடிவில் பங்கும் இருந்தன. அந்த வசதி இல்லாத மக்கள் சொன்ன எத்தனை உண்மைகள் கூட்டக் குறிப்பேட்டோடு முடிந்துபோயிருக்கும் என்று நினைத்தால் மனம் ஆறவில்லை.

இன்னொரு இடத்தையும் சொல்கிறேன். வட ஆஸ்திரேலியாவின் மேற்கு ஆர்னம் நிலத்தில், பழங்குடி மக்கள் பீடபூமியை விட்டு வெளியேறியதும் வறண்ட பருவத்தின் கடைசியில் மூளும் பெருந்தீ காட்டைத் தின்றது. 2006இல் தொடங்கிய திட்டத்தில் அந்த மக்களே வனக்காவலர்களாகத் திரும்பி, பின்னால் பெருந்தீ பரவாதபடி வறண்ட பருவத்தின் தொடக்கத்திலேயே சிறு சிறு தீ வைக்கிறார்கள். செயற்கைக்கோள் படமும் ஹெலிகாப்டரும் அவர்களுக்கு உதவுகின்றன. எந்தப் புல் எப்போது எரியும் என்பதை ஒலிப்பதிவு செய்து அலமாரியில் வைத்திருந்தால் இது நடந்திருக்காது. அந்த அறிவுக்கு நிலத்தில் நடக்கிற கால்கள் வேண்டும்.

திட்டம் தீட்டுகிறவர்களிடம் நான் கேட்பது ஒன்றுதான். கணக்கெடுப்புப் படிவத்தை அச்சடிக்கும் முன்பே பழங்குடி மக்களைக் கூப்பிடுங்கள், சம்பளம் கொடுங்கள், வேண்டாம் என்று சொல்லும் உரிமையையும் எழுத்தில் கொடுங்கள்.